சம்மாட்டியும் கடலுக்குப் போகவேண்டிய ஊர்

பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குள் போகும்போது யாரும் காசு கேட்பதில்லை. வெளியே வரும்போதுதான் கேட்பார்கள். தீவைக் கனடாவின் பெருநிலத்தோடு இணைக்கும் 12.9 கிலோமீட்டர் பாலம் 1997ல் திறந்தது. கட்டணச் சாவடி தீவுப் பக்கத்தில் மட்டும்தான். ஒரு காருக்கு ஐம்பது டொலரைத் தாண்டியிருந்த கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 20 டொலராகக் குறைத்தார்கள். தீவுக்காரர் இதை வைத்து எத்தனையோ பகிடி சொல்வார்கள். எல்லாப் பகிடிக்கும் சாரம் ஒன்றுதான்: வருவது சுலபம், போவதற்குத்தான் செலவு.

எனக்கு அங்கே கொஞ்ச நாள் இருந்த பிறகு நேர்மாறாகத் தோன்றியது. சுற்றிப் பார்க்க வருவது சுலபம். அங்கே ஒரு துண்டு கரையையோ ஒரு மீன்பிடி உரிமத்தையோ கைக்குள் போட்டுக்கொள்வதுதான் கடினம். அந்தக் கடினத்தைச் சட்டம் போட்டு உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நான் தங்கிய நோர்த் ரஸ்டிகோ இன்னும் மீன்பிடி ஊராக இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நோர்த் ரஸ்டிகோ தீவின் வடகரையில், சென் லோரன்ஸ் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் பேர். கவெண்டிஷ் கடற்கரைக்கு வரும் சுற்றுலாக்காரர் பாதிப் பேர் இந்த ஊர் வழியாகப் போவார்கள், மதியம் சிங்க இறால் (லொப்ஸ்டர்) சாப்பிட இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். படத்துக்கு ஏற்ற ஊர்தான். சிவந்த மணற்கல் கரை, 1876ல் கட்டிய மர வெளிச்சவீடு, துறைமுக வாயில், வரிசையாகப் படகுகள், இறங்குதுறையை ஒட்டி மீனவரின் வாடிகள், அதாவது கொட்டகைகள். மண்ணில் இரும்பு கூடுதலாக இருப்பதால் எல்லாம் சிவப்பு. மழை பெய்த மறுநாள் கரையோரக் கடலும் சிவந்துவிடும். வெள்ளைச் சப்பாத்தோடு போகாதீர்கள்.

ஆனால் ஊரைப் பார்க்க வேண்டிய நேரம் மதியம் அல்ல, விடியற்காலை. வடகரையில் சிங்க இறால் பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முடிவோடு முடிந்துவிடும். இடையில் இருப்பது சுமார் இரண்டு மாதம். அதற்கு முன் வளைகுடாவில் பனிக்கட்டி, அதற்குப் பின் சட்டம் தடுக்கும். ஊரின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு மாதத்தில் வருகிறது. மிச்ச மாதங்களில் சிலர் வேறு மீன் பிடிப்பார்கள், சிலர் சுற்றுலாக்காரரைக் கடலுக்கு அழைத்துப் போவார்கள், விரிகுடாவில் மசல் சிப்பி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் மீனவருக்கான வேலையிழப்புக் காப்பீடு கைகொடுக்கும். ஆனாலும் வீட்டுக்கடன், படகுக்கடன், பிள்ளையின் கல்லூரிச் செலவு எல்லாவற்றுக்கும் கணக்கு மே, ஜூனில்தான்.

பருவத்தின் முதல் நாளை 'வைப்பு நாள்' என்கிறார்கள், கடலில் இறால் பிடிக்கும் கூடு வைக்கிற நாள். கூடுகளை நிலைக்கு மேல் நிலையாக அடுக்கி, படகு நீரில் தாழ்ந்து போகும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, குறித்த நேரத்துக்கு எல்லாப் படகும் ஒன்றன்பின் ஒன்றாக வாயிலைக் கடக்கும். இருட்டோடு எழுந்து வந்த மனைவிமாரும் பிள்ளைகளும் பாட்டிமாரும் துறையில் நிற்பார்கள். கண்காட்சி பார்க்க நிற்பதில்லை. அவ்வளவு கூடு ஏற்றிய படகு காற்றில் நிலை தடுமாறலாம், கயிற்றில் கால் சிக்கலாம். பருவத்திலேயே ஆபத்தான நாள் அதுதான்.

கூடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடி தட்டை, மேற்பக்கம் வளைவு, உடம்பு முழுக்க மரச்சட்டம். கடலடியில் அசையாமல் கிடக்கக் கனம் சேர்த்திருக்கும். பக்கவாட்டில் வலையால் பின்னிய புனல் வாசல்கள். உள்ளே இரண்டு அறை. முதல் அறைக்குப் பெயர் சமையலறை, இரை கட்டியிருப்பது அங்கேதான். வாசனைக்கு வந்த இறால் தின்றுவிட்டு வெளியேறப் பார்க்கும்போது இன்னொரு புனலுக்குள் நுழைந்து 'வரவேற்பறை'யில் விழும். அங்கிருந்து திரும்பி வர அதற்கு வழி தெரியாது. சிறியவை நழுவிப்போக ஒரு சின்னத் திறப்பு வைத்திருக்கிறார்கள். கயிறு அறுந்து கூடு தொலைந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. கொஞ்ச காலத்தில் உக்கிப்போகிற பொருளால் ஒரு பகுதியைக் கட்டியிருக்கும். அது திறந்துவிட்டால் உள்ளே இருப்பது போய்விடும், தொலைந்த கூடு ஆண்டுக்கணக்கில் இறாலைக் கொன்றுகொண்டிருக்காது. ஒரு மரப்பெட்டிக்குள் இவ்வளவு யோசனை.

படகில் பித்தளை அளவுகோல் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கண் குழியிலிருந்து முதுகோட்டின் முடிவு வரை அளக்க வேண்டும். எழுபது மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு, அதற்குள் இருந்தால் கடலுக்கே. வயிற்றில் முட்டை ஒட்டியிருக்கும் பெண் இறாலும் கடலுக்கே, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. மிச்சத்தின் கொடுக்குகளுக்கு ரப்பர் வளையம் போட்டு இரண்டு தரமாகப் பிரிப்பார்கள். 81 மில்லிமீட்டருக்குக் குறைந்தது முன்பு தகர டப்பாவுக்குப் போன தரம். இப்போது டப்பாவில் அடைப்பது குறைந்துவிட்டாலும் பெயர் நின்றுவிட்டது. ஊர்க்காரர் தங்கள் வீட்டுக்கு எடுப்பது அந்தச் சின்னத் தரத்தைத்தான். இறைச்சி இனிப்பு என்பார்கள். கடல் தண்ணீரிலேயே அவித்து, ஆறவைத்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு சாப்பிடுவார்கள். சூடாக, உருக்கிய வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவது சுற்றுலாக்காரர் வழக்கமாம். நான் மிளகாய்த்தூள் கேட்டேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

சரி, விதிக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் படகும் வலையும் சம்மாட்டிக்கு, அதாவது முதலாளிக்கு. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பங்கு. நல்ல சம்மாட்டியும் உண்டு, கெட்டவரும் உண்டு, ஆனால் யாராக இருந்தாலும் கரையில் நின்றே கணக்குப் பார்க்க முடியும். நோர்த் ரஸ்டிகோவில் அது நடக்காது. கனடாவின் அத்திலாந்திக் பக்கத்தில் சிறுபடகு மீன்பிடி உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே படகில் இருக்க வேண்டும். நோய்வாய்ப்பட்டால் குறிப்பிட்ட காலத்துக்கு வேறொருவரை அனுப்ப அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். இறால் வாங்கிப் பதப்படுத்தும் கம்பனிகள் இந்த உரிமத்தை வைத்திருக்க முடியாது என்ற கொள்கை 1979ல் வந்தது. உரிமக்காரரே ஓட்ட வேண்டும் என்பது 1989ல் சேர்ந்தது. கொள்கைக்கும் சட்டத்துக்கும் இடையில் இருந்த சந்தில் பலர் புகுந்தார்கள். இளைஞன் ஒருவனுக்குக் கம்பனி கடன் கொடுக்கும், உரிமம் அவன் பெயரில் இருக்கும், ஆனால் எப்போது விற்பது, யாருக்கு விற்பது எல்லாம் கம்பனியின் வாய். அந்த ஒப்பந்தங்களையும் தடுத்து 2021 ஏப்ரலில் அதைச் சட்ட விதியாக்கினார்கள்.

இதே நாட்டின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், இப்படி ஒரு விதி இல்லை. அங்கே உரிமத்தையும், இவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு குத்தகைக்கு விடலாம். கடலைப் பார்க்காதவரும் மீனில் சம்பாதிக்கலாம். குத்தகை கட்டிய பிறகு படகோட்டிக்கு என்ன மிஞ்சும் என்பது அங்கே பல ஆண்டுகளாக ஓயாத சண்டை. தொழில் ஒன்றுதான், நாடு ஒன்றுதான். ஒரு விதி இருக்கிற கரையில் பணம் துறைமுகத்திலேயே சுற்றுகிறது, இல்லாத கரையில் நகரத்துக்குப் போகிறது.

நோர்த் ரஸ்டிகோ துறையில் நிற்கும் படகுகளை எண்ணினால் அத்தனையும் தனித்தனிக் குடும்பங்கள். ஒரு படகில் உரிமக்காரரும் ஒன்றிரண்டு உதவியாளர்களும். வடகரையில் ஒரு உரிமத்துக்கு ஏறத்தாழ 300 கூடு, அதற்கு மேல் வைக்கக் கூடாது. தீவு முழுக்க இப்படி ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட உரிமங்கள். படகுக்கு ஒருவர் முதலாளி என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வரும், வண்டி திருத்துகிறவருக்கு வேலை வரும், தேவாலயத்தில் ஆள் இருக்கும்.

உரிமம் கடலைக் காக்கிறது என்றால் கரையைக் காக்க இன்னொரு சட்டம் இருக்கிறது. தீவில் வசிக்காத எவரும் ஐந்து ஏக்கருக்கு மேலோ, 165 அடிக்கு மேற்பட்ட கடற்கரை முகப்புள்ள நிலமோ வாங்குவதானால் மாகாண அமைச்சரவையின் அனுமதி வேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற கனடியனும் இதில் வெளியாள்தான். இப்போதைய சட்டம் 1982இலிருந்து. அதற்கு முந்திய வடிவத்தை எதிர்த்து அமெரிக்கர் தொடுத்த வழக்கு 1970களில் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தீவுவாசிக்கும் உச்சவரம்பு உண்டு: தனியாளுக்கு 1,000 ஏக்கர், நிறுவனத்துக்கு 3,000.

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது? பக்கத்து ஊரான ரஸ்டிகோவுக்குப் போனால் பாதிப் பதில் கிடைக்கும். காரில் சில நிமிடம். அங்கே சிவப்பு மணற்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ரஸ்டிகோ உழவர் வங்கி. இந்தப் பக்கத்து மக்கள் அக்காடியர், பிரெஞ்சு பேசியவர்கள். 1758ல் பிரிட்டிஷார் இந்தத் தீவைப் பிடித்ததும் மூவாயிரம் பேரளவில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அந்த டிசம்பரில் இரண்டு கப்பல்கள் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து தப்பியவர்களும் பிறகு திரும்பி வந்தவர்களும் மீண்டும் குடியேறிய கரைகளில் ரஸ்டிகோவும் ஒன்று. இன்றும் இங்கே தபால் பெட்டிகளில் கலன்ட், டுசெட் போன்ற குடும்பப் பெயர்கள்தான்.

திரும்பி வந்தவர்களுக்கு நிலம் இல்லை. ஏனென்றால் 1767ல் லண்டனில், ஒரே நாளில், சீட்டுக் குலுக்கித் தீவையே பங்கு போட்டுவிட்டார்கள். 67 துண்டு, துண்டுக்கு ஏறத்தாழ 20,000 ஏக்கர். சீட்டு விழுந்தவர்களில் பலர் தீவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அடுத்த நூறு ஆண்டுக்கு மேல் இங்கே உழைத்தவர்கள் அங்கே இருந்தவர்களுக்கு வாடகை கட்டினார்கள். (அந்த நிலம் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களுடையது, அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் எபெக்விட்க்.) 1873ல் தீவு கனடாவோடு சேர்ந்தபோது கிடைத்தவற்றில் ஒன்று, இந்த நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை வாங்க 800,000 டொலர். 1875ல் கட்டாயமாக விற்க வைக்கும் சட்டம் வந்தது.

அந்த இடைக்காலத்தில் ஜோர்ஜ் அந்துவான் பெல்கூர் என்ற பாதிரியார் ரஸ்டிகோவுக்கு வந்து சேர்ந்தார். விதை வாங்கக்கூட அதிக வட்டிக்குக் கடன் பட்டுக்கொண்டிருந்த உழவரையும் மீனவரையும் கூட்டி, அவர்களுடைய சிறுகாசைக் கொண்டே வங்கி தொடங்கினார். 1864ல் சாசனம் கிடைத்தது. கனடாவில் சாசனம் பெற்ற வங்கிகளிலேயே மிகச் சிறியது. தன் பெயரில் பணத்தாளே அச்சிட்டது! 1894 வரை நடந்தது. இப்போது அருங்காட்சியகம். இதே பாதிரியார் 1860களில் நீராவியில் ஓடும் வண்டி ஒன்றை வரவழைத்து ஊர் விழாவில் ஓட்டிக் காட்டினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்த வரலாற்றோடு பார்த்தால் அந்த 165 அடிக் கணக்கு அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. தூரத்தில் இருப்பவன் நம்முடைய நிலத்துக்கு உடைமைக்காரனாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நூறு ஆண்டு அனுபவித்துவிட்டுப் போட்ட சட்டம் அது. தீவுக்காரரிடம் 'வெளியூரார்' என்ற சொல் வாயைத் திறந்தால் வரும். முப்பது வருடம் குடியிருந்தாலும் வெளியூரார்தான், பிள்ளை இங்கே பிறந்தாலும் சந்தேகம். புதிதாகச் சந்திக்கும் தீவுக்காரனிடம் இவர்கள் முதலில் கேட்பது "அப்பா யார்?" என்றுதான். எனக்கு அது கொஞ்சமும் அந்நியமாக இல்லை. ஆனால் இதன் மறுபக்கம் இனிமையானதல்ல. இறால் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்ய உள்ளூரில் ஆள் போதாமல் பிலிப்பைன்ஸ், மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து தற்காலிக அனுமதியில் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய அனுமதி பெரும்பாலும் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. தூரத்து உடைமைக்காரனைச் சகிக்காத தீவு, தூரத்திலிருந்து வந்த கூலியாளை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

விதிகள் இருப்பதால் எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் கம்பனியைத் தடுக்கும், விலையைத் தடுக்காது. இங்கே உரிமமும் படகும் கூடுகளும் சேர்ந்தால் பத்து லட்சம் டொலரைத் தாண்டும் என்பது துறையில் சாதாரணப் பேச்சு. 1990களின் தொடக்கத்தில் வளைகுடாவில் கொட் மீன் சரிந்து, அந்தத் தொழிலை மூடினார்கள். இறால் பெருகியது. எல்லாரும் ஒரே உயிரினத்தை நம்ப ஆரம்பித்தார்கள், உரிமத்தின் விலை ஏறியது. இரைக்கும் சிக்கல். 2022ல் கானாங்கெளுத்தியையும் வசந்தகால ஹெரிங் மீனையும் வணிகத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு தடுத்தது. முன்பு சொந்தமாகப் பிடித்து உறையவைத்த இரையைப் பிறகு காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று பியோனா புயல். வடகரை முழுக்கத் தேசியப் பூங்காவின் மணல்மேடுகளை அரித்துப் போனது. துறைகள் உடைந்தன, வாடிகள் மிதந்தன. கொஞ்சம் மேற்கே, தண்டர் கோவ் கரையில் எல்லாரும் படம் எடுத்த தேநீர்க் கோப்பைப் பாறை ஒரே இரவில் காணாமல் போனது. மணற்கல் மிருதுவான கல். தீவின் கரை சராசரியாக ஆண்டுக்கு ஒரு அடி அளவுக்குக் கரைகிறது, புயலடித்தால் அந்த ஒரே நாளில் பல அடி போகும். 165 அடி முகப்பைச் சட்டம் காப்பாற்றும், பின்பக்கத்து ஆழத்தைக் கடல் தின்னும். கரையோர வீடுகளுக்கு முன்னால் பெரிய கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். தீவில் அப்படிக் கடினமான கல்லே கிடையாது, பெருநிலத்திலிருந்து லொறியில் வர வேண்டும்.

படகில் உதவியாளாக இருக்கும் பையன் ஒருவனோடு பேசினேன். இருபத்தைந்து வயது இருக்கும். இரை கட்டுவது, கூடு இழுப்பது, ரப்பர் போடுவது அவன் வேலை. குளிர்காலத்தில் அல்பேர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போகிறான். இந்தத் தீவின் பாதி இளைஞர் கதை அது. தாய்மாமனிடம் உரிமம் இருக்கிறது, அறுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் சரியில்லை. மருமகனுக்குக் கொடுக்கத்தான் ஆசை. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் என்று வேறொன்றும் கிடையாது, அந்த உரிமம்தான் ஓய்வூதியம். குறைத்துக் கொடுத்தால் அவருக்கு நட்டம். முழு விலைக்கு வாங்கினால் இவன் இருபது வருடம் வங்கிக்கு உழைக்க வேண்டும், ஒரு பருவம் இறால் விலை விழுந்தாலும் தவணை தவறும். வேறு துறைமுகத்துக்காரர் ஒருவர் முழு விலையோடு காத்திருக்கிறாராம். அவரும் மீனவர், அவரும் தானே கடலுக்குப் போவார், விதிப்படி எந்தக் குற்றமும் இல்லை. படகு மட்டும் இந்தத் துறையில் நிற்காது.

ஜூன் 30ஆம் தேதிக்குள் கூடுகள் கரையேறிவிடும். மறுநாள் கனடா நாள், அலங்கரித்த படகுகள் துறைமுகத்தில் ஊர்வலம் போகும், அன்று ஊருக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதன் பிறகு மாமாவும் அவனும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் பாதி விலையை இப்போதே வாங்கிக்கொண்டு மீதியைப் பருவத்துக்குப் பருவம் எடுத்துக்கொள்ளலாம் என்று தாயார் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாராம். "மாமி ஒத்துக்கொண்டால் மாமா ஒத்துக்கொள்வார்" என்றான். மாமி இன்னும் வாய் திறக்கவில்லை.